பிரவுசர் பழசு, வாடிக்கையாளர் புதுசு: கேள்வி-பதில்

கேள்வி: கிளையன்ட் இன்னும் விண்டோஸ் 7 வைத்திருக்கிறார். நான் செய்த சைட் அவர் கம்ப்யூட்டரில் சிதறிக் கிடக்கிறது. "என் கம்ப்யூட்டரில் சரியாக வருகிறதே" என்று சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லாதீர்கள். சைட் ஓட வேண்டியது அவர் மேசையில். விண்டோஸ் 7-க்குக் கிடைத்த கடைசி குரோம், 2023 தொடக்கத்தில் வந்த 109. ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் எல்லாம் அதில் நன்றாகவே ஓடும். நீங்கள் சிஎஸ்எஸ் விதிகளை ஒன்றுக்குள் ஒன்றாக நெஸ்டிங் செய்து எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த வசதி குரோம் 112-ல்தான் வந்தது. மூன்று வெர்ஷன் இடைவெளியில் சைட் குலைந்துபோகும். ஸாஸில் எழுதி கம்பைல் செய்தால் விதிகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். பக்கமும் ஒழுங்காக உட்காரும்.

கேள்வி: ஐஇ 6 (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6) என்றாலே எங்கள் சீனியர் நெற்றியைத் தேய்க்கிறார். அப்படி என்ன செய்தது?

பதில்: 10 பிக்சல் மார்ஜின் கொடுத்தால், ஃப்ளோட் செய்த பெட்டிக்கு 20 பிக்சல் போட்டது. ஒளி ஊடுருவும் பிஎன்ஜி படத்துக்குப் பின்னால் சாம்பல் நிறம் பூசியது. 2001-ல் வந்தது, அடுத்த வெர்ஷன் வர 2006 ஆனது. கடைசியில் 2011-ல் மைக்ரோசாஃப்ட்டே "இதை விட்டுவிடுங்கள்" என்று பிரசாரம் செய்ய வேண்டியதாயிற்று. சீனியருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: அப்டேட் செய்ய இவர்களுக்கு என்ன கஷ்டம்? பிடிவாதம்தானே?

பதில்: தென் கொரியாவைப் பாருங்கள். 1990-களில் வலுவான குறியாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா கட்டுப்பாடு வைத்திருந்தது. கொரியர்கள் 'சீட்' என்று சொந்தமாக ஒன்றை உருவாக்கினார்கள். அப்போது எந்த பிரவுசருக்கும் அது தெரியாது. அதனால் ஆக்டிவ்எக்ஸ் வழியாகச் செருகினார்கள். ஆக்டிவ்எக்ஸ் ஓடுவதோ இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும். பணம் அனுப்பவும் பொருள் வாங்கவும் ஒரு நாடே ஒரு பிரவுசரில் கட்டுண்டு கிடந்தது. அங்கே பழைய பிரவுசரைத் திறந்தவர் பிடிவாதக்காரரா? வங்கிக் கணக்கைப் பார்க்க வந்தவர். இந்தக் கட்டுக்குத் துணைநின்ற டிஜிட்டல் சான்றிதழ் முறை தன் சட்டச் சலுகையை இழந்தது 2020 டிசம்பரில்தான்.

நம் வீட்டிலும் நடந்ததுதான். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அதைத் தானாக இறக்கிக் காட்டும் இஓடி முறை எக்ஸ்ப்ளோரரில் மட்டும் வேலை செய்தது; மற்ற பிரவுசரில் தமிழ் கட்டம் கட்டமாகவோ கிறுக்கலாகவோ வந்தது. வாசகரைக் கட்டிப்போட்டவர்கள் தளம் கட்டியவர்கள். இன்று "குரோமில் மட்டும் திறக்கவும்" என்று எழுதுகிறவர்கள் அதே கயிற்றைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

கேள்வி: பழைய பிரவுசருக்காகச் செய்யும் கூடுதல் வேலைக்குக் காசு கேட்கலாமா?

பதில்: கேளுங்கள், வேலை தொடங்கும் முன். எந்தெந்த வெர்ஷன் என்று கொட்டேஷனிலேயே எண் போட்டு எழுதுங்கள். "எல்லா பிரவுசரிலும் வரும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'எல்லா'வுக்குள் ஐஇ 6-ம் உண்டு.

கேள்வி: எல்லோருக்கும் ஓட ஒரே வழி இருக்கிறதா?

பதில்: 2003-ல் ஸ்டீவ் சாம்பியன் முன்வைத்த 'புரோகிரசிவ் என்ஹான்ஸ்மென்ட்' இன்றும் கைகொடுக்கிறது. முகவரி, விலை, போன் நம்பர், விண்ணப்பப் படிவம் எல்லாம் வெறும் எச்டிஎம்எல்லிலேயே இயங்கட்டும். அதன்மேல் சிஎஸ்எஸ், அதற்கும் மேல் ஜாவாஸ்கிரிப்ட். சிஎஸ்எஸ்ஸில் புரியாத வரி வந்தால் பிரவுசர் தாண்டிப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டில் புரியாத ஒரு குறி வந்தால் முழு ஃபைலும் படுத்துவிடும். அதனால் மெனு திறப்பதையே ஜாவாஸ்கிரிப்டிடம் ஒப்படைக்காதீர்கள்.

கேள்வி: பணம் கட்டும் பக்கத்துக்குமா இந்தத் தாராளம்?

பதில்: இல்லை. பழைய டிஎல்எஸ் 1.0-ல் கார்டு நம்பரை வாங்குவது அந்த மனிதருக்கே ஆபத்து. அங்கே தெளிவாக மறுத்துவிட்டு, கடையின் போன் நம்பரைப் பெரிதாகப் போடுங்கள்.

கேள்வி: கெஞ்சிக் கேட்டு கிளையன்டைப் புது பிரவுசருக்கு மாற்றிவிட்டேன். இப்போது டிசைனே பிடிக்கவில்லை என்கிறார்!

பதில்: இப்போதுதான் அதைப் பார்க்கிறார். எதிரில் உட்கார்ந்து, எங்கே இடிக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.