வீரத்தை எந்த மூலையில வைப்பே?

வாடா பேராண்டி, உக்காரு. ராத்திரி பூரா பென்சிலைக் கடிச்சுக்கிட்டு விண்வெளிக் கப்பல் வரைஞ்சியாமே? டிராவலர்தானே, 1977ல அமெரிக்காவுல மார்க் மில்லர் கொண்டாந்த ஆட்டம்? எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காதே. படம் வரைஞ்சது நீ, விதிப் புத்தகத்தைப் புரட்டுனது நான்.

அடேங்கப்பா! 200 டன் கூடு, நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பாயுற தாவல்-4 எஞ்சின், ரெண்டு பீரங்கி. எமனே வரப்புல ஒதுங்கி வழிவிடுவான். ஒரே ஒரு சந்தேகம்: நீ எங்கடா படுப்பே?

இந்த டன்னு எடை இல்லடா, இடம். ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைக்கிற இடம், சுமாரா 14 கன மீட்டர். வைக்கோல் வண்டி எடையிலயா நிறையுது? இடத்துலதானே!

கணக்கைப் போடு. தாவல் எண் ஒண்ணுக்குக் கூட்டுல பத்துல ஒரு பங்கு எரிபொருள். நாலுக்கு 80 டன் போச்சு. மின்சாரம் எடுக்குற எந்திரம் குடிக்கிறது 40. கப்பல் ஓட்டுற அறை 20. மிச்சம் 60. எஞ்சினையே இன்னும் வைக்கல! ஒவ்வொரு தங்கும் அறையும் 4 டன் கேக்குமே, எங்க போவே? அரை டன் பெட்டியில ஆளை உறைய வச்சும் கூட்டிட்டுப் போகலாம்தான். ஆனா எந்திரிப்பானா மாட்டானான்னு பகடை உருட்டணும். மொதல்ல நீ படுத்துக் காட்டு.

காசு மிச்சம் பிடிக்கணுமா? இதே ஆட்டத்தோட 'ஹை கார்ட்' புத்தகத்துல ஒரு வழி இருக்கு: விண்கல்லைக் குடைஞ்சு கப்பலாக்கிக்கலாம். மலிவுதான். என்ன, அஞ்சுல ஒரு பங்கு கல்லாவே நிக்கும், உன் மண்டை மாதிரி.

விவரமானவன் கட்டுன 'ஃப்ரீ டிரேடர்' கப்பலைப் பாரு. அதே 200 டன்தான். தாவல்-1 எஞ்சின், பத்து அறை, சரக்குக்கு மட்டும் 82 டன். அதுக்கே விலை 3 கோடியே 70 லட்சம் கிரெடிட்டைத் தாண்டுது. அஞ்சுல ஒரு பங்கு முன்பணம், மீதிக்கு 480 மாசத் தவணை. நாப்பது வருசம்டா! தவணை கேட்டு வர்றவன் உன் பீரங்கிக்கா பயப்படப் போறான்?

போ, ரப்பரை எடுத்துட்டு வா. சரக்கு வைக்கிற இடத்தை மொதல்ல வரை. மிஞ்சுன மூலையில உன் வீரத்தை வச்சுக்கலாம், மடிச்சு வச்சா அரை டன்னுகூட வராது.