ஸ்டூல் பிடிப்பவர்

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில், லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் ஈரிழைத் துண்டைச் சுற்றி, மூக்குக்குக் குறுக்கே கைக்குட்டையும் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். பார்க்கிறவர்கள், மனிதர் இன்றைக்கு வீட்டை இடித்தே கட்டிவிடுவார் என்று நினைப்பார்கள். "ம், எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே போய் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார்.

அவ்வளவுதான். சாயங்காலம் வரை அவருக்கு அதுதான் வேலை.

ஏறுவது நாம். ஒட்டடைக்கோலை மூலையில் விட்டுச் சுழற்றுவது நாம். ஃபேன் இறக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி இழுப்பதும், இழுத்ததில் பாதியைக் கண்ணில் வாங்கிக்கொள்வதும் நாம். அவர் கீழே நின்று ஸ்டூலின் ஒரு காலைப் பிடித்திருப்பார். அதுவும் ஒரு கையால். இன்னொரு கை சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறதே! "அந்த மூலை... அது இல்ல, அதுக்குப் பக்கத்து மூலை." "கொஞ்சம் இடது பக்கம்... என் இடது இல்ல, உன் இடது." இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்து நிற்கும்போது இந்த இரண்டு இடதும் எப்படி வேறு வேறாகும் என்று அந்தரத்தில் நின்று யோசிக்க முடியாது. யோசித்தால் விழுந்துவிடுவோம்.

பரணிலிருந்து ஒரு அண்டாவை இறக்கி நீட்டுங்கள். வாங்க மாட்டார். வாங்கினால் ஸ்டூலை யார் பிடிப்பது? அண்டாவோடு நாமே இறங்கி, வைத்துவிட்டு, மறுபடி ஏற வேண்டும். ஏறும்போது "மெதுவா, மெதுவா" என்பார். புளி போட்டுப் பித்தளையைத் தேய்க்க உட்கார்ந்தால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். அங்கே பிடிக்க ஒன்றுமில்லை.

நின்ற இடத்திலிருந்தே நமக்கு அறிவு புகட்டுவதும் உண்டு. போகி என்றால் எல்லாரும் எடுத்துச் சொல்கிற 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற நன்னூல் சூத்திரம் பழைய பாயையும் துடைப்பத்தையும் பற்றியது அல்ல. சொற்கள் வழக்கொழிவதையும் புதிதாக வந்து சேர்வதையும் பற்றிப் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண விதி என்று விளக்குவார். சொல்வது சரிதான். வாயில் ஒட்டடை இருப்பதால் நம்மால் ஆமாம் போட முடிவதில்லை. டயர் கொளுத்தக் கூடாது என்பதிலும் மிகவும் கண்டிப்பானவர். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டதை ஒவ்வொரு வருஷமும் நினைவூட்டுவார். சரி, பரணில் கிடக்கிற ஸ்கூட்டர் டயரை என்ன செய்வது? "அது மேலேயே இருக்கட்டும்."

போன் அடித்தால்தான் ஆபத்து. பிடித்த கையை விட்டுவிட்டுப் போய்விடுவார். சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் கிடையாது. ஸ்டூல் ஆடும்போதுதான் ஆள் இல்லை என்பது நமக்குத் தெரியும். கூடத்திலிருந்து குரல் வரும்: "இல்லப்பா, வீட்டுல கிளீனிங் வேலை. காலைலேர்ந்து இடுப்பு ஒடியுது."

ஒருமுறை எனக்குக் கால் வழுக்கிவிட்டது. அப்போது பக்கத்தில்தான் இருந்தார். முகம் வெளுத்து, "ஐயோ" என்று கத்தி, இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தார், ஸ்டூலை. ஸ்டூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி என் கணுக்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டதும் அவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். தூங்கிவிட்டேன் என்று நினைத்து, "ஏன்தான் இவ ஏறுறாளோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே தேய்த்தார்.

ஏன் ஏறுகிறேன்? நீங்கள் ஏறாததால்.

2019இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம், நாட்டில் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று கணக்கு வந்தது. அதுவும், வேலை செய்ததாகச் சொன்ன ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. அந்த 97இல் ஸ்டூல் பிடித்தது எத்தனை நிமிடம் என்று தனியாக ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

உயரத்துக்குப் போனால் தலை சுற்றும் என்பார். மாங்காய்க் காலத்தில் பக்கத்து வீட்டுக் கிளையை வளைக்க மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கும்போது அந்தத் தலைசுற்றல் எங்கே போகிறது என்று தெரியவில்லை. முழங்கால் வலிக்கிற பெண்பிள்ளை மேலே நிற்க, திடகாத்திரமான ஆண்பிள்ளை கீழே நின்று பிடித்துக்கொண்டிருப்பதற்கு உதவி என்று பேர் வைத்தது யார்? வேலை மேலே இருக்கிறது. கீழே இருப்பது ஸ்டூல் மட்டும்தான்.

சாயங்காலம் முதல் வெந்நீர் அவருக்குத்தான். குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போடுவார். "எல்லாம் முடிச்சாச்சும்மா. நானும் அவளுமா ஒரே நாள்ல முடிச்சுட்டோம்." அந்தப் பக்கத்தில் மாமியார், "ரொம்ப அலட்டிக்காதடா கண்ணு" என்பது எனக்கே கேட்கும்.

இந்த வருஷம் அலுமினிய ஏணி ஒன்று வாங்கிவிட்டேன். நான்கு காலிலும் ரப்பர் இருக்கிறது. தானாக நிற்கும், ஆடாது, யாரும் பிடிக்க வேண்டாம் என்று கடைக்காரர் அவரிடமே சொன்னார்.

இப்போது அதைப் பிடித்துக்கொள்கிறார்.