கொல்லைக்கோழிப் பகையியல்

போன தை முதல் வாரத்தில் கருங்கழுத்துப் பெட்டைக்கு அடை வைத்த முட்டை 11. 21-ஆம் நாள் பொரித்தவை 9, கூமுட்டை 2. மாசி முடிவில் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தால் குஞ்சு 3. கழித்தால் 6 என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அந்த ஆறும் யார் வயிற்றில் போயின என்பதற்குத்தான் விடை இல்லை. கோழி வளர்ப்புத் துண்டுப் பிரசுரங்களைப் புரட்டினேன். தீவனம், தடுப்பூசி, முட்டைக் கணக்கு என்று மூன்று தலைப்போடு எல்லாம் நின்றுவிடுகின்றன. நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டை இடும் என்கிறார்கள். இடும். அதற்கு மேல் நடப்பதற்கு ஓர் இயல் வேண்டாமா?

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நன்னூல் நடத்தியவன் என்ற ஒரே தகுதியில் அந்தக் குறையைத் தீர்க்கப் புகுகிறேன். சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்தி சொல்லவேண்டும் என்பது விதி. ஆக்கியோன் யான். வழி, பக்கத்துக் கொல்லைப் பெரியம்மா வாய்வழி. எல்லை: வடக்கே மூங்கில் கொத்து, தெற்கே வாய்க்கால், மேற்கே பெரியம்மா வீட்டு வேலி, கிழக்கே இடிந்த சுவர். இடம், மாயவரத்துக்குக் கிழக்கே. நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு, கிழிந்த நோட்டு ஒன்று. நுதலிய பொருள் பகை. கேட்போர் பெரியம்மா, அவரும் பாதியில், "என்ன தம்பி, நோட்டுல எழுதிட்டா கீரி வராதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எட்டாவதான பயனை அவரே சொல்லிவிட்டதால் நான் தனியே எழுதவில்லை.

முதல் நூற்பா:

வான்வழி தரைவழி வளைவழி உறவழி
எனநால் வழித்தே கோழியின் பகையே.

இதன் பொருள் வெளிப்படை. "என்ப" என்று முடிக்காதது ஏனெனில், எனக்கு முன்னால் யாரும் இப்படிச் சொல்லவில்லை. உறவுவழி என்பது உறவழி எனக் குறைந்தது யாப்புக்காக. உறவு குறைந்ததால் அன்று. கொல்லை என்ற சொல் 'கொல்' என்னும் வினையடியாகப் பிறந்தது என்பது என் துணிபு. மொழியியலார் ஒப்ப மாட்டார்கள். அவர்கள் கோழி வளர்ப்பதில்லை.

முன்னோர் கூற்றைப் பார்ப்போம். தொல்காப்பியர் மரபியலில் அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் மட்டுமே உரியதாக்குகிறார். ஒரே பெயரில் இரண்டையும் அடைத்த அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்குக் குலை நடுங்குகிறது. இரவில் குஞ்சுக்கு ஆகாத பறவை எதுவோ, அதையும் கோழியையும் ஒரே கூண்டில் விட்டமாதிரி. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் மாலைநேரத்தில் வேலியோரம் வெருகு சேர, தாய்க்கோழி குஞ்சுகளைக் கூவி அழைப்பதைக் காட்டுகிறார். அந்த அம்மாள் கொல்லையில் நின்று பார்த்திருக்கிறார் என்று உறுதியாகச் சொல்வேன். வெருகு என்பது காட்டுப்பூனை. அது வரும் நேரம் இன்றைக்கும் மாறவில்லை. விளக்கு வைக்கிற நேரம்.

இவற்றையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது பஞ்சபட்சி சாத்திரம். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என ஐந்து பட்சிகள். ஊண், நடை, அரசு, துயில், சாவு என ஐந்து தொழில்கள். பகலை ஐந்து சாமமாக்கி, சாமத்துக்கு ஆறு நாழிகை வைத்து, பட்சிக்குப் பட்சி முறைபோட்டுத் தொழில் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தில் மூன்று, குஞ்சைத் தூக்கும் சாதி. நாலாவதான மயில், குஞ்சுக்கு வைத்த நொய்யைத் தின்னும் சாதி. கோழியை இப்படி ஒரு குழுவில் போட்டவர் கொல்லைப்பக்கம் எட்டிப்பார்த்தே இருக்க மாட்டார் என்று முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது, பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். வல்லூறுக்கு ஊண் என்றால் கோழிக்குச் சாவு, அவ்வளவுதானே விஷயம். கோழிக்கு அரசு எப்போது என்று கேட்டால், எங்கள் வீட்டில் விடியற்காலை நாலரை மணிக்கு, சேவல் கூரைமேல் ஏறி நிற்கும் இரண்டு நிமிஷம்.

வான்வழிப் பகை மூன்று: பருந்து, வல்லூறு, காக்கை. பருந்து வட்டம்போட்டு வரும். வருவதை ஊருக்கே அறிவித்துவிட்டு வருவதால் அது மரியாதையான பகை. அதிலும் செம்பருந்து வந்தால் எங்கள் தெருவில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு குஞ்சு குறைந்திருந்தது. தெய்வத்துக்குப் போனதா, பகைக்குப் போனதா என்று எந்தப் பத்தியில் எழுதுவது? வல்லூறு வட்டமே போடாது. வேப்பமரத்து இலைக்குள் உட்கார்ந்திருந்து ஒரே பாய்ச்சல். அதைப் பார்த்ததாக நான் சொன்னால் நம்பாதீர்கள். பார்த்தது, அது போன பிறகு ஆடிக்கொண்டிருந்த கிளையை.

காக்கையால்தான் நூற்பாவுக்கு முதல் அடி விழுந்தது. காக்கை பறந்துவந்து குஞ்சைத் தூக்குவதில்லை. மதில்மேல் இறங்கி, தரைக்கு வந்து, தாய்க்கோழிக்குப் பின்னால் பக்கவாட்டில் தத்தித்தத்தி, ஏதோ வேறு வேலையாக வந்ததுபோல நடந்து, முதல் வாரக் குஞ்சாகப் பார்த்துக் கொத்திக்கொண்டு எழும்பும். வான்வழிப் பகையில் வைத்த பிராணி தரைவழியாக வருகிறது. வழுவமைதி என்று அடிக்குறிப்பு போட்டுச் சமாளித்தேன். இந்தக் காக்கையைச் சட்டமும் ஓரிடத்தில் உட்காரவைக்கத் திணறியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு ஐந்தாம் அட்டவணையில், யாரும் கொல்லலாம் என்ற வரிசையில் வைத்திருந்தார்கள். 2022-இல் செய்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. நொய் தின்னும் மயிலும், முட்டை திருடும் உடும்பும் பாதுகாப்புப் பட்டியலில். வீட்டுக்கோழி எந்த அட்டவணையிலும் இல்லை. இருப்பது சமையல் குறிப்பில்.

வான்வழியில் ஒரு நட்பும் உண்டு, கரிச்சான். இரட்டைவால் வைத்துக்கொண்டு மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும். அது கூடு கட்டியிருக்கும் மாதங்களில் பருந்து, காக்கை எதுவானாலும் முதுகில் விழுந்து கொத்தி விரட்டும். தன் கூட்டுக்காகச் செய்கிறது, லாபம் எனக்கு. பகையியலில் நட்புக்கு இடமில்லை என்பதால் அதற்கு இந்த ஒரு பத்தி. வான்கோழி பெயரைப் பார்த்து யாரும் அதை இந்த இயலில் தேடவேண்டாம்.

தரைவழிப் பகை: கீரி, காட்டுப்பூனை, தெருநாய், மரநாய். நடந்தது என்ன என்பதைத் தடயத்தால் அறியவேண்டும் என்று நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். பெரியம்மா வேலிமேல் கையை வைத்தபடி நாலு வாக்கியத்தில் முடித்தார். "கழுத்துல பல்லுத்தடம் இருந்து ஒடம்பு கெடந்தா கீரி. எறகு மட்டும் செதறிக் கெடந்தா பூனை. தலையக் காணோம்னா மரநாய். ஒண்ணுமே கெடக்கலேன்னா பாம்பு, இல்லேன்னா மனுசன்." நான்கு பக்கத்தையும் கிழித்தேன்.

கீரியைப் பற்றி ஒரு சொல். பட்டப்பகலில் வரும். வாய்க்கால் கரையில் தலையைத் தூக்கி, முன்கால் இரண்டையும் மார்போடு சேர்த்துப் பின்காலில் நின்று பார்க்கும். பள்ளிக்கூடத்தில் கல்வி அதிகாரி வகுப்புக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல. பாம்பைக் கொல்லும் என்பதற்காக அதை விரட்டக்கூடாது என்கிறது ஒரு கட்சி. குஞ்சைக் கொல்லும் என்பதற்காக விரட்டவேண்டும் என்கிறது மறுகட்சி. இரண்டு கட்சியும் என் வீட்டிலேயே இருக்கின்றன.

மரநாய் நாயில் சேராது, புனுகுப்பூனையின் இனம். நாய் என்ற பெயரை மட்டும் நம்பித் தரையில் வைத்தேன். அது தென்னைமரத்தில் இருந்து கூரைக்கு, கூரையிலிருந்து கோழிக்கூட்டுக்கு என்று தரையையே தொடாமல் வந்துபோகிறது. பழமும் தின்னும், கள்ளுப்பானையில் வாய் வைக்கும் பழக்கமும் உண்டு. இதை வான்வழிக்கு மாற்றலாமா என்று யோசித்து, காக்கை தரைக்கு வந்துவிட்டதால் ஓரிடம் காலி என்று மாற்றியே விட்டேன்.

வளைவழிப் பகையில் பெருச்சாளி, உடும்பு, சாரை, நல்ல பாம்பு. முதல் மூன்றையும் விட்டுவிடுகிறேன். நாலாவதைச் சொல்லவேண்டும். பங்குனியில் ஒரு ராத்திரி, இன்னொரு பெட்டை அடையிருந்த சமயம். கூட்டுக்குள் கோழி கத்தவில்லை. குறுக்குக் கம்பின்மேல் ஏறி நின்று இறக்கையை லேசாகத் தூக்கிக்கொண்டு, தொண்டைக்குள் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்தேன். வைக்கோல் கூடைக்குள் வளையம் வளையமாக நல்ல பாம்பு. தலையிலிருந்து ஒரு முழம் தள்ளி உடம்பில் ஒரு புடைப்பு, அதை அடுத்து இன்னொன்று, அதை அடுத்து மூன்றாவது. முட்டை உடையவே இல்லை. ஓட்டோடு முழுசாக உள்ளே போயிருந்தது. படம் எடுக்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து நாக்கை இரண்டு முறை நீட்டிவிட்டு, விருந்து முடிந்து எழும் சம்பந்தியைப்போல நிதானமாக, முதல் புடைப்பு கூடை விளிம்பில் தட்டாதபடி சற்றே ஒதுங்கி, சுவரேறி, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக மேலே போனது. மேலே! வளைவழி என்று நான் எழுதிவைத்த பிராணி கூரைவழியாக வந்து கூரைவழியாகப் போகிறது. நூற்பாவுக்கு விழுந்த அடிகளில் இது மூன்றாவது. அதோடு, பாம்புத் தடயம் பற்றிப் பெரியம்மா சொன்னது சரி: காலையில் அங்கே ஒன்றுமே கிடக்கவில்லை.

நோயை எங்கே வைப்பது என்று தெரியாமல் தனியே விட்டிருக்கிறேன். கோழிக்கழிச்சல் வந்தால் பகையனைத்தும் சேர்ந்து ஒரு வருஷத்தில் செய்வதை ஒரு வாரத்தில் செய்துவிடும். அதற்கு ராணிக்கேத் என்று இமயமலை ஊர் ஒன்றின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. தடுப்பூசி போட்டுவிடுங்கள், இதில் ஆராய்ச்சி வேண்டாம்.

உறவழிப் பகை இரண்டு வகை: உள்ளுறவு, வெளியுறவு. உள்ளுறவுக்கு ஒரே உதாரணம். சித்திரையில் பத்து நாள் முட்டையே இல்லை. கூடை ஈரமாக இருந்தது, ஓடு ஒரு துண்டுகூட இல்லை. கீரியின்மேல் குற்றப்பத்திரிகை எழுதி, பொறிக்கூண்டு இரவல் வாங்கி, மூன்று நாள் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் பெட்டை முட்டையிட்டது. எழுந்தது. கேறியது. திரும்பிக் குனிந்து ஒரு கொத்து, உடைந்ததும் உறிஞ்சி, ஓட்டையும் தின்று, அலகை வைக்கோலில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. கீரியிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன். கிளிஞ்சல் பொடி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், பழக்கம் பாதி நின்றது.

வெளியுறவு என்பது மாப்பிள்ளை, சம்பந்தி, ஆடிமாதக் காவல்தெய்வம். இதை விரித்தால் குடும்பத்துக்குள் பிரச்சினை.

இந்த இடத்தில்தான் நூல் முழுவதையும் திரும்ப எழுதலாமா என்ற எண்ணம் வந்தது. நான் நான்கு வழி வகுத்து நாலிலும் தோற்றிருக்க, கோழி இரண்டே வகை வைத்திருக்கிறது. மேலே ஏதாவது நகர்ந்தால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் ஆகாயத்தைப் பார்த்து, மெல்லிசாக, இழுவையாக ஒரு சத்தம். குஞ்சுகள் புதருக்குள்ளோ வயிற்றடியிலோ ஓடிப் பதுங்கும். தரையில் ஏதாவது வந்தால் 'கட் கட் கட்' என்று வெட்டிவெட்டிக் கத்தும். அப்போது மற்றவை பதுங்காமல் நிமிர்ந்து நின்று சுற்றிப் பார்க்கும். கிறிஸ்டோபர் எவான்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் இதையே கோழிகளுக்கு மேலே திரையில் பருந்துப் படமும் பக்கத்துத் திரையில் ராக்கூன் படமும் ஓட்டிச் சோதித்து 1993-இல் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் துணை இருந்தால்தான் சேவல் பருந்துக்கான குரலை அதிகம் கொடுக்கிறது என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். நம் ஆண்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்குத் திரையெல்லாம் தேவையில்லை. அடுக்களையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே, வெளியே கேட்கும் சத்தத்தை வைத்து, "மேல" என்பார், அல்லது "கீழ" என்பார். காக்கை தத்திவந்தால் கோழி "கீழ" என்கிறது. மரநாய் கூரையில் நடந்தால் என்ன சொல்லும் என்று கேட்டேன். "ராத்திரியில கோழிக்குக் கண்ணு தெரியாது தம்பி. அதுக்குத்தான் கூட்டுக்குக் கதவு."

ஆனி கடைசி ஞாயிறு. மாப்பிள்ளை வந்திருந்தார். உறவழிப் பகை பற்றிய பகுதியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவனை மனைவி கொல்லைக்கு அனுப்பினாள். வலது கையில் நொய். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். இரண்டு வருஷமாக என் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிவரும் கருங்கழுத்துப் பெட்டை, பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் நின்று என்னை ஒரு தடவை பார்த்தது. பிறகு வெட்டிவெட்டிக் கத்தத் தொடங்கியது. இப்போது இளங்கோழியாகிவிட்ட மூன்று குஞ்சும் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்றன. வேலிக்கு அப்பால், அடுக்களையிலிருந்தே பெரியம்மா குரல் கொடுத்தார்:

"யாரு தம்பி, கீரியா?"