இருக்கன்குடிப் பெஞ்சும் ஐபிஎல் ஆள்மாற்றமும்: ஒரு முன்னோடி ஆய்வு

1. தோற்றுவாய்

ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்தைப் பற்றிப் பேச யாராலும் முடியும். பந்தும் மட்டையும் மூட்டை கட்டிக் கிடக்கும் மாதங்களில், யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது, யாருக்கு எத்தனை கோடி என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பேசுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். இந்தப் பேச்சுக்கு இலக்கணம் வகுக்காமல் முன்னோர் விட்டுப்போனார்கள். அந்தக் குறையைப் போக்கவே, பல டீக்கள் செலவில், இந்த ஆய்வு மேற்கொள்ளப்பட்டது.

ஆய்வுப் பொருள், சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் 2025 ஆம் ஆண்டுத் தக்கவைப்பும் ஆள்மாற்றமும். ஆய்வுக் கருவி, இரண்டு காது. தகவலாளிகளின் பெயர்கள் அவர்களுடைய வீட்டு அமைதியைக் கருதி மறைக்கப்பட்டுள்ளன.

2. களமும் காலமும்

சாத்தூருக்குக் கிழக்கே, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருமிடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. இரண்டு ஆறுகளையும் கங்கையாகக் கருதி 'இரு கங்கைக் குடி' என்றார்கள், அதுவே இப்படித் திரிந்தது என்பது ஊர்வழக்கு. பெஞ்சில் தோனி கட்சி, ஜடேஜா கட்சி என்று இரண்டு ஆறுகள் ஓயாமல் முட்டிக்கொள்வதைக் கண்ட இவ்வாய்வாளர், 'இரு கட்சிக் குடி' என்ற மூலத்தையும் அறிஞர்களின் பார்வைக்கு வைக்கிறார். ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைப் பார்க்க மஞ்சள் உடுத்தி நடந்து வரும் கூட்டம் உலகறிந்தது. ஐப்பசியில் மஞ்சள் பனியன் உடுத்தி உட்கார்ந்தே இருக்கும் கூட்டத்தை உலகம் கவனிக்கவில்லை.

ஏன் ஐப்பசி? இங்குதான் முதல் கண்டுபிடிப்பு. 2025இல் தீபாவளி அக்டோபர் 20. அணிகள் யாரைத் தக்கவைக்கின்றன என்று அறிவிக்கக் கெடு நவம்பர் 15. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து வெடி ஆலைகள், அதாவது ஊரார் பேச்சில் பயராபீஸ்கள், தீபாவளிக்கு முன் கணக்கு முடித்து, போனஸ் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுச் சில வாரம் கழித்துத்தான் திறக்கும். ஆக, ஆட்டக்காரனுக்கும் ரசிகனுக்கும் ஒரே நேரத்தில் லீவு. ஆட்டக்காரன் எந்தக் கடற்கரையில் கிடந்தானோ தெரியாது; ரசிகன் பெஞ்சில் கிடந்தான்.

3. திணை

அகத்திணை மரபில் இதை எங்கே சேர்ப்பது என்று நெடுநாள் யோசித்து, புதிதாக ஒரு திணையே காணப்பட்டது. நிலம், கரிசலும் கரிசல் சார்ந்த பெஞ்சும். பெரும்பொழுது கூதிர். சிறுபொழுது, முதல் டீ இறங்கும் வைகறையும் போக்கிடம் இல்லாத நண்பகலும். தெய்வம் தோனி. உணவு, சாத்தூர்க் காரச்சேவு, பெரும்பாலும் அடுத்தவர் பொட்டலத்திலிருந்து. விலங்கு, பனியனில் உள்ள சிங்கம். பறை, பலகையில் தட்டப்படும் காலி கிளாஸ். தொழில், ஆபீஸ் திறக்கும்வரை எதுவுமில்லை.

உரிப்பொருள் பிரிதலும் பிரிதல் நிமித்தமும். இதில் பெஞ்சுக்குத் தழும்பேறியிருக்கிறது. 2022 பிப்ரவரி ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவைச் சென்னை உட்பட ஒரு அணியும் எடுக்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது ஒருவர் கிளாஸைக் கீழே வைப்பார். அதற்கும் முன்னால், 2016, 2017 ஆம் ஆண்டுகளில் அணியே தடையில் இருந்தது. இல்லாத அணிக்கு யார் யாரை எடுக்கலாம் என்று பெஞ்சு இரண்டு வருடம் பேசியது. அருவ வழிபாடு என்றால் அதுதான்.

4. இலக்கணம்

தன்மைப் பன்மை தமிழில் இரண்டு வகை. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் 'நாம்', ஒதுக்கினால் 'நாங்கள்'. பெஞ்சுத் தமிழில் மூன்றாவது ஒன்று உண்டு: பேசுபவர், கேட்பவர், அணியின் முதலாளி மூவரையும் ஒரே பாயில் உட்காரவைக்கும் 'நாம'. தக்கவைப்பு முடிந்து டிசம்பர் ஏலத்துக்குச் சென்னையின் கையில் 43 கோடியே 40 லட்சம் இருக்கிறது என்ற செய்தி வந்த அன்று தகவலாளி ஒருவர் கூறியது: "நம்மகிட்ட நாப்பத்து மூணு கோடி கெடக்கு மாப்ள. எவன் வந்தாலும் அள்ளிறலாம்." அதே மூச்சில் கடைப் பக்கம் திரும்பி, "டீயை நோட்டுல எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்றார். இரண்டு கூற்றுக்கும் இடையில் முரண் இருப்பதாக அவர் முகம் காட்டவில்லை.

இந்த 'நாம' நிலையானதன்று. 2025 பருவத்தில் சென்னை பதினான்கு ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று, வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. அதைப் பற்றிய எல்லாக் கூற்றுகளிலும் எழுவாய், "அவய்ங்க". கோப்பை வந்தால் நாம; தோற்றால் அவய்ங்க; ஏலம் என்றால் மறுபடியும் நாம. வினைமுற்றைப் பார்த்தே புள்ளிப் பட்டியலை ஊகித்துவிடலாம்.

அடுத்தது 'ஆம்' விகுதி. "சஞ்சு வர்றாராம்" என்றால் கைபேசியில் பார்த்தது. "வருவாரு போல" என்றால் பார்த்தவரிடம் கேட்டது. "வந்துட்டாரு, அறிவிக்கணும் அவ்வளவுதான்" என்றால் எதையும் பார்க்காதது. செய்தியின் உறுதி கூடக்கூட ஆதாரம் குறையும் என்பது இப்பெஞ்சின் விதி. சஞ்சு சாம்சன் வருவார் என்று மாதக்கணக்கில் முதல்வகையில் சொல்லியவர்களே, நவம்பர் 15 அன்று உண்மையிலேயே அறிவிப்பு வந்தபோது நம்ப மறுத்தார்கள். விகுதி இல்லாத செய்தி அவர்களுக்குப் பழக்கமில்லை.

5. கேப்பு வழக்கு

சர்வதேச ஆட்டம் ஆடாதவரை 'அன்கேப்டு' என்பார்கள். ஐந்து ஆண்டுகள் சர்வதேச ஆட்டம் ஆடாமலும், கிரிக்கெட் வாரியத்தின் ஒப்பந்தத்தில் இல்லாமலும் இருக்கும் இந்தியரை அந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்ற விதி 2025 பருவத்துக்குத் திரும்ப வந்தது. தோனி கடைசியாக இந்தியாவுக்கு ஆடியது 2019 ஜூலை 10, மான்செஸ்டரில், நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி. எனவே இரண்டு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர், அறிமுகம் ஆகாத பையனின் கணக்கில், நான்கு கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார்.

இதைப் பெஞ்சில் விளக்கப் புகுந்த இளைஞர், "தோனி இப்ப கேப் இல்லாத பிளேயர் தாத்தா" என்றார். இந்த வட்டாரத்தில் கேப்பு என்றால் பொம்மைத் துப்பாக்கியில் மாட்டும் பொட்டுவெடி. தலைமுறை தலைமுறையாக அதை ஒட்டிச் சுருட்டிய கைகள் இங்கே உண்டு. தாத்தா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கேப்பு இல்லாம எப்படிய்யா வெடிக்கும்?"

"வெடிக்காது தாத்தா. ஆனா துப்பாக்கியைக் கையில வச்சிருந்தாலே போதும்னு வச்சிருக்காக."

ஒரு மூத்த ஆட்டக்காரரின் பிற்காலப் பங்களிப்பைப் பற்றி இதைவிடச் செறிவான மதிப்பீட்டை இவ்வாய்வாளர் கேட்டதில்லை. தோனியின் தக்கவைப்புத் தொகை 2018இல் 15 கோடி, 2022இல் 12, பிறகு 4 என்று இறங்கியதற்கும் தாத்தாவே விளக்கம் தந்தார்: "வயசான ஆளை மருந்து ரூம்ல இருந்து பேக்கிங்குக்கு மாத்துறதில்லையா? அந்தக் கணக்குதான். ஆளை விட்றவும் மனசு வராது."

6. ஜடேஜா பிரிதல்

2025 நவம்பர் 15. சஞ்சு சாம்சன் 18 கோடிக்குச் சென்னைக்கு. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. ஜடேஜா சென்னையில் வாங்கியது 18 கோடி. ராஜஸ்தானில் 14 கோடி.

தலைவன் பொருள் தேடித் தலைவியைப் பிரிவதைப் 'பொருள்வயிற் பிரிவு' என்பது மரபு. இங்கே தலைவன் நான்கு கோடியை இழந்து பிரிகிறான். இதற்கு மரபில் இடமில்லை. குறைந்த தொகை தோனியின் முழுச் சம்பளத்துக்குச் சமம் என்பதைக் கண்டுபிடித்த தகவலாளி, அதற்கு ஏதோ உட்பொருள் இருப்பதாகச் சொல்லி, அது என்னவென்று சொல்லாமல் எழுந்து போனார்.

ஜடேஜா கட்சியின் வாதம் நினைவை நம்பி நின்றது. 2023 இறுதிப் போட்டி, மழையால் தள்ளிப்போய் மே 30 அதிகாலையில் முடிந்தது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். மோகித் சர்மா வீச, சிக்ஸர் ஒன்று, பவுண்டரி ஒன்று. "அந்த ராத்திரி ஒன்றரை மணிக்கு தெருவுல வெடிச்சது எங்க வீட்டுச் சரம். வித்தா காசு. வெடிச்சுட்டு நிக்கிறேன்" என்றார் அக்கட்சியின் தலைவர். வெடியை விற்பவன் வெடியை வெடிப்பது எத்தனை பெரிய காதல் என்பது இந்த வட்டாரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது.

எதிர்வாதம்: ஜடேஜா 2008இல் ராஜஸ்தானில்தான் ஆடத் தொடங்கினார், முதல் கோப்பையையும் அங்கேதான் வாங்கினார், ஆகவே இது பிரிவன்று, தாய்வீட்டுக்குப் போவது. இவ்வாதம் நல்ல வரவேற்பைப் பெற்றது. தாய்வீட்டுக்குப் போகிற பெண்ணிடம் கூலிக் கணக்குக் கேட்பது முறையில்லை என்று இரு கட்சியும் ஒத்துக்கொண்ட ஒரே தருணம் அது.

7. ஒப்பியல் நோக்கு

ஐரோப்பாவின் கால்பந்து ரசிகர்கள் கோடைக்காலம் முழுக்க இதே தொழிலைத்தான் செய்கிறார்கள். 2000ஆம் ஆண்டு லூயிஸ் ஃபிகோ பார்சிலோனாவை விட்டு, பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். இரண்டு ஆண்டு கழித்து அவர் பார்சிலோனா மைதானத்தில் ஆட வந்தபோது, கூட்டத்திலிருந்து பன்றித் தலை ஒன்று வந்து விழுந்தது.

இருக்கன்குடியில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு வீட்டு முகப்பில் கட்டியிருந்த, ஜடேஜா வாளைப்போல மட்டையைச் சுழற்றும் பிளக்ஸ், அறிவிப்பு வந்த இரண்டாம் நாள் பின்கட்டுக்குப் போய், ஆட்டுக்கொட்டிலுக்குச் சாரல் மறைப்பானது. "கோவமில்லைண்ணே, மழை வருது" என்றார் வீட்டுக்காரர். மழை நின்ற பிறகும் அது அங்கேயே இருப்பதை ஆய்வு பதிவுசெய்கிறது. ஆடு ஒன்று மட்டையின் கைப்பிடி வரை தின்றிருந்தது.

8. முன்பணக் கோட்பாடு

இத்தனை நுணுக்கமாக ஒப்பந்தம் பேச இவர்களுக்கு யார் கற்றுத் தந்தார்கள் என்பதே ஆய்வின் மையக் கேள்வி. விடை பெஞ்சிலேயே இருந்தது.

தீப்பெட்டி ஆபீஸிலும் பயராபீஸிலும் முன்பணம் என்று ஒன்று உண்டு. ஆள் வேறெங்கும் போய்விடாதபடி ஆபீஸ் ஒரு தொகையைக் கொடுத்து வைக்கும். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று வாங்கியது வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். கழியும்வரை ஆள் அந்த ஆபீஸுக்கு. கை சுத்தமான, வேகமான ஆளென்று பெயர் வாங்கியவரை இன்னொரு ஆபீஸ் கேட்டால், பழைய பாக்கியை அடைத்துவிட்டு அழைத்துக்கொள்ளும். முதலாவது தக்கவைப்பு; இரண்டாவது ஆள்மாற்றம். ஐபிஎல்லின் முதல் ஏலம் நடந்தது 2008 பிப்ரவரியில். அதில் சென்னை தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தபோது உலகம் வாயைப் பிளந்தது. இந்த ஊர் பிளக்கவில்லை. தொகைதான் புதிது, முறை பாட்டன் காலத்தது.

பெஞ்சில் சத்தமாகப் பேசுவோர், முன்பணத்தின் பெரும்பகுதியைக் கழித்து முடித்தவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. புதிதாக வாங்கியவர்கள் காரச்சேவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

9. முடிபு

ஆபீஸ் திறந்தது. விடிகாலையில் வண்டி வந்து ஹாரன் அடிக்க, "சஞ்சுவை ஓப்பனிங் எறக்கிட்டா, நாம..." என்று தொடங்கிய வாக்கியம் பயனிலை இல்லாமல் நின்றது. சொன்னவர் தூக்குச்சட்டியோடு ஓடிப்போய் ஏறிவிட்டார்.

டிசம்பர் 16, மார்கழி பிறந்த செவ்வாய்க்கிழமை, அபுதாபியில் ஏலம் நடந்தது மத்தியானம். மருந்து இருக்கும் இடத்தில் கைபேசிக்கு அனுமதியில்லை. ஆகவே, ஒரு மாதம் ஏலத்தையே பேசியவர்கள் ஏலத்தன்று ஒன்றும் அறியாமல் சரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். மாலையில் வண்டியை விட்டு இறங்கி, அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளி பூத்த விரலால் திரையைத் தள்ளினார்கள். உத்தரப் பிரதேசத்துப் பிரசாந்த் வீர், இருபது வயது. ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, பத்தொன்பது. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். சென்னை எடுத்தது, ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம்.

"நாம எடுத்துட்டோம்!" என்றது பெஞ்சு.

அதே வண்டியிலிருந்து கடைசியாக இறங்கிய ஓர் அத்தை, கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நின்றார். இந்த ஆய்வுக் காலம் முழுவதும் அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பியதே இல்லை.

"பதினாலு கோடிங்கிறது முன்பணமாய்யா, சம்பளமா?"

"சம்பளம் அத்தை."

"அப்ப பிடிக்கலைன்னா அடுத்த வருசம் வேற எடத்துக்குப் போயிறலாமா?"

"அது முடியாது. டீம்ல விட்டாத்தான் போகமுடியும்."

"அப்ப முன்பணந்தான்" என்று சொல்லிவிட்டு அத்தை வீட்டைப் பார்த்து நடந்தார்.