வாய் அப்பாவுடையது, வேலை மகனுடையது

சிங்கப்பூரின் தேக்கா சந்தை உணவங்காடியில் ஞாயிறு மதியம் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து மேசைப் பெரியவர் பையனிடம், "என்னப்பா படிக்கிறே?" என்பார். அவன் வாய் திறப்பதற்குள் அப்பா முந்துவார்: "கம்ப்யூட்டர் சயன்ஸ்ண்ணே." "பிடிச்சிருக்கா?" "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்பார் அம்மா. பிரியாணிக் கடையிலும் அவர்தான் பேசுவார்: "இவனுக்குக் காரம் ஒத்துக்காது."

'இவன்' கைக்குழந்தை அல்ல. இரண்டாண்டு தேசிய சேவை முடித்தவன். துப்பாக்கி தூக்கிக் காட்டில் படுத்து எழுந்தவன். 21 வயதாகிவிட்டதால் நாட்டை யார் ஆள்வது என்று வாக்களிக்கவும் உரிமை பெற்றவன். நாட்டைக் காக்கத் தெரிந்தவனுக்குத் தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்ள மட்டும் தெரியாதாம்!

நம் வீடுகளில் தொழில் மூன்றே மூன்று: டாக்டர், வக்கீல், கணினி. மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. வக்கீல்கள் அளவுக்கு மிஞ்சுகிறார்கள் என்று 2014இல் அன்றைய சட்ட அமைச்சர் கா. சண்முகமே எச்சரித்தார். நம்மவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னது என்று முடிவு கட்டினார்கள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த ஒருவரும் லண்டனுக்குச் சட்டம் படிக்கத்தான் போனார். போர் வந்தது; வீட்டுப் பணம் நின்றது; பட்டம் வாங்காமல் பத்திரிகையில் எழுதிப் பிழைத்தார். அவர்தான் எஸ். ராஜரத்தினம், சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். 1966இல் அவர் எழுதிய தேசிய உறுதிமொழியைத்தான் உங்கள் பிள்ளை பள்ளியில் காலைதோறும் சொன்னான். இன்று அதே பிள்ளை "பத்திரிகைக்குப் போகிறேன்" என்று சொல்லட்டும். வீட்டில் எழவு விழுந்ததுபோல் உட்கார்ந்துவிடுவீர்கள். 12 ஆண்டுகள் அதிபராக இருந்த எஸ். ஆர். நாதன் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகப் பணி. உங்களுக்கு மகனாகப் பிறந்திருந்தால் அதற்கு விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்.

இருபது வருடம் பிள்ளையைப் பேசவிடாமல் வளர்த்துவிட்டு, நேர்முகத் தேர்வில் அவன் திக்கியதும், "தன்னம்பிக்கையே இல்லை" என்று அதற்கும் ஒரு வகுப்பில் சேர்த்துவிடுகிறீர்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறீர்கள். அதற்குப் பெயர் பாசமாம்! உறவுக்காரர் முன்னால் நிமிர்ந்து நடக்க உங்களுக்கு ஒரு பட்டம் தேவைப்பட்டது. அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

கட்டணம் கட்டியது நீங்கள், யாரும் மறுக்கவில்லை. ஆனால் விடிந்தும் விடியாமலும் எம்ஆர்டி பிடித்து, நாற்பது வருடம் அந்த வேலைக்குப் போகப்போவது அவன். முடிவையும் அவனிடமே விடுங்கள்.