நீங்கா வைரஸும் இலவச ஆண்டிவைரஸும்: ஓர் ஒப்பியல் ஆய்வு

ஆய்வு நோக்கமும் எல்லையும்

போக மறுக்கும் வைரஸைக் கம்ப்யூட்டரிலிருந்து விரட்ட எந்த இலவச ஆண்டிவைரஸைத் தேர்ந்தெடுப்பது என்னும் பொருண்மை இதுகாறும் எவராலும் முறைப்படி ஆராயப்படவில்லை. இக்கூற்றை நான் சரிபார்க்கவில்லை. ஆய்வேட்டின் முதல் பத்தியில் இவ்வரி இல்லாவிட்டால் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்க மாட்டார்கள் என்பதால் எழுதினேன். முன் ஆய்வுகளைத் தேடிப் பார்த்தால் இவ்வரியை எழுத முடியாமல் போய்விடும் என்பதால் தேடவில்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டர் மட்டுமே எல்லைக்குள் வரும். ஆப்பிள் மேக் வைத்திருப்போர் தமக்கு வைரஸே வராது என்னும் சித்தாந்தத்தினர்; சமயவாதம் நம் வேலையன்று. லினக்ஸ்காரர்களிடம் காலையில் ஒரு கேள்வி கேட்டால் மாலை வரை பதில் வரும். ஆகவே கேட்கவில்லை.

வரலாற்றுப் பின்புலம்

இவ்வியலைப் படிக்காமலே மற்ற இயல்கள் புரியும். எல்லா ஆய்வேடுகளிலும் இரண்டாம் இயலுக்கு இதுவே இலக்கணம்.

1971இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்ற கம்ப்யூட்டர் வலையமைப்பில் பாப் தாமஸ் என்பவர் 'க்ரீப்பர்' என்ற நிரலை உலவவிட்டார். அது கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் போய், முடிந்தால் பிடித்துப் பார் என்று திரையில் எழுதியது. வேறு தீங்கு செய்யவில்லை. அதைப் பிடிக்க வந்தது 'ரீப்பர்'. எழுதியவர் மின்னஞ்சலைத் தந்த ரே டாம்லின்சன் என்பர். ரீப்பரும் யாரையும் கேட்காமல் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. ஆக, உலகின் முதல் இலவச ஆண்டிவைரஸே ஒரு வைரஸ்தான் என்பது பெறப்படும். இந்த ஒரு வரியிலிருந்து மூன்று கருத்தரங்கக் கட்டுரைகள் எடுக்கலாம், எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ், பிளாப்பி டிஸ்க்கின் பூட் செக்டாரில் போய் உட்கார்ந்தது. வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் அனைத்தையும் எழுதி வைத்திருந்தார்கள். தன் படைப்புக்கு இவ்வளவு தெளிவாகப் பொறுப்பேற்ற ஆசிரியரை ஆய்வுலகம் அதன்பின் காணவில்லை. நம் ஆய்விதழில் ஐந்து பேர் பெயர் போட்டு வரும் கட்டுரையை யார் எழுதியது என்று கேளுங்கள். ஐவரும் ஆறாவது ஆளைக் காட்டுவார்கள்.

எல்லா வைரஸையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் நிரலை எக்காலத்திலும் எழுத முடியாது என்று ஃபிரெட் கோஹன் 1980களிலேயே கணித முறையில் நிறுவிவிட்டார். இத்துடன் ஆய்வு முடிந்தது. பக்கம் போதாது என்று சொல்லிவிட்டதால் தொடர்கிறேன்.

ஆசிரியர் அடையாளச் சிக்கல்

2008இல் பரவிய ஒரு வைரஸை ஒரு நிறுவனம் கான்ஃபிக்கர் என்றது, இன்னொன்று டவுனாடப் என்றது, மற்றொன்று கிடோ என்றது. இவை மூன்றும் ஒன்றா, அல்லது வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த மூன்றா? ஔவையார் ஒருவரா பலரா என்பதில் பயிற்சி பெற்ற நம் அறிஞர்களிடம் இவ்வழக்கு வந்திருந்தால் இன்றுவரை கான்ஃபிக்கர் நலமாக இருந்திருக்கும். கம்ப்யூட்டர்காரர்கள் அவசரக்காரர்கள், ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அழிக்கப் போய்விட்டார்கள்.

பிடிவாதத்தின் காரணங்கள்

பிடிவாதமுள்ள வைரஸ் தன் கோப்பை மட்டும் நம்பி வாழ்வதில்லை. விண்டோஸ் தொடங்கும்போதே ஓடவேண்டியவை எவை என்ற பட்டியலில் ரெஜிஸ்ட்ரிக்குள் தன் பெயரை எழுதிக்கொள்ளும். டாஸ்க் ஷெட்யூலரில் மணிக்கொருமுறை தன்னை எழுப்பச் சொல்லி வைக்கும். சில வைரஸ்கள் இரட்டைக் காவலாளிகளாய் இரண்டு இடத்தில் ஓடும். ஒன்றை நிறுத்தினால் மற்றது எழுப்பிவிடும். கான்ஃபிக்கர் ஒரு படி மேலே போய், ஆண்டிவைரஸ் நிறுவனங்களின் இணையதளங்களையே திறக்கவிடாமல் செய்தது. ரூட்கிட் எனப்படுவது விண்டோஸுக்கும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, விண்டோஸ் யாரைப் பார்க்கலாம் யாரைப் பார்க்கக் கூடாது என்று தானே முடிவு செய்யும். கோப்பை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தவர்கள் அடுத்த நிமிடமே அதை மீண்டும் சந்திப்பது இதனால்தான்.

வகைப்பாடு

ஏற்கெனவே இருப்பது: மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் முழு ஆண்டிவைரஸாகக் கூடவே வருகிறது. பெரும்பாலோர்க்கு இதுவே போதும். போதுமானதைத் தேர்வு என்று யாரும் சொல்வதில்லையாதலின் இவ்வாய்வில் இதற்கு இடமில்லை.

வந்து பார்த்துவிட்டுப் போவது: மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு, ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர், எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட் முதலியன. கூப்பிட்டால் ஸ்கேன் செய்யும், கூப்பிடாவிட்டால் சும்மா இருக்கும். இரண்டாவது கருத்துக்கு ஏற்றவை. பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றிவைத்து, கேட்காத டூல்பாரை மாட்டும் விளம்பர வகையறாவுக்கு ஆட்வ்கிளீனர்.

விண்டோஸ் தூங்கும்போது வருவது: டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன், காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க். விண்டோஸ் ஓடவில்லை என்றால் அதில் தொற்றிய வைரஸும் ஓடாது. மறைந்துகொள்ள ஆளில்லாத வீட்டில் தேடுவது எளிது. பிடிவாத வைரஸுக்கு உண்மையில் வேலை செய்வது இவ்வகைதான். ஆகவே இதைப் பற்றி இவ்வளவே.

அரசு தருவது: மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 முதல் இந்திய நிறுவனங்களின் நீக்கக் கருவிகளை இலவசமாகத் தருகிறது. இதை அறிந்தவர்கள் தம் பெயரை வெளியிட விரும்பவில்லை.

போலி: உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் உள்ளது என்று தானே கண்டுபிடித்து, தானே நீக்கப் பணம் கேட்பது. இவ்வகையைக் கிண்டல் செய்வது முனைவர் பட்ட ஆய்வாளருக்கு அழகன்று. சிக்கல் இல்லாத இடத்தில் சிக்கலைக் கண்டு நிதி கேட்பதை நாங்களும் ஆய்வு முன்வரைவு என்ற பெயரில் செய்கிறோம்.

ஜெராக்ஸ் கடை உரைமரபு

இவ்வியலே ஆய்வின் உயிர்நாடி. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஸ்பைரல் பைண்டிங் இயந்திரம், அதன் கீழே காகிதப் பூ தூவினாற்போல் வட்டத் துண்டுகள், 'ஈ' எழுத்து அழிந்த கீபோர்டு, பேர் எழுதிய செல்லோ டேப் ஒட்டிய பென் டிரைவ்கள் கிடக்கும் ஒரு டப்பா. மூலையில் ஆண்டிவைரஸ் காலாவதியானதாக ஒரு சிவப்புப் பெட்டி எழும்பும். கடைத் தம்பி அதைப் பார்க்காமலே மவுஸால் மூடுவார். இக்கம்ப்யூட்டரே தமிழக ஆய்வுலகின் மத்திய நூலகம். எல்லா ஆய்வேடுகளும் இதற்குள் வந்துதான் வெளியே போகின்றன.

ஆய்வேடு போகும், ஷார்ட்கட் வைரஸ் வரும். மாணவர் பென் டிரைவைத் திறந்தால் 'இயல் ஒன்று', 'இயல் இரண்டு', 'நன்றியுரை' எல்லாமே மூலையில் ஒரு சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக நிற்கும். நிஜக் கோப்புறைகள் எங்கும் போகவில்லை. வைரஸ் அவற்றை மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு முத்திரைகள் குத்தி ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அதை டபுள் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு கோப்புறையும் திறக்கும். திறந்துவிட்டதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. முகப்பில் நன்றியுரையும் உள்ளே வேறொருவர் எழுதியதும் இருக்கும் பொருள்கள் நமக்குப் புதிதல்லவே.

இதற்கு மூன்று உரைகள் வழங்குகின்றன. முதலாமவர் கடை முதலாளி. "ஃபார்மட் பண்ணிரு" என்பது இவர் உரை முழுவதும். சுருக்கம் கருதி இதை அறிஞர் போற்றுவர். ஆய்வேட்டைப் பென் டிரைவில் மட்டுமே வைத்திருந்தவர்கள் போற்றுவதில்லை.

இரண்டாமவர் கடைத் தம்பி. கறுப்புத் திரையைத் திறந்து 'அட்ரிப்' என்னும் கட்டளையை அடிப்பார்: கழித்தல் ஹெச், கழித்தல் ஆர், கழித்தல் எஸ், பிறகு சாய்கோடு எஸ், சாய்கோடு டி. முத்திரைகள் நீங்கி நிஜக் கோப்புறைகள் வெளியே வரும். இக்கட்டளையின் மூலபாடம் கல்லாவுக்கு மேலே, 'கடன் அன்பை முறிக்கும்' என்ற தாளுக்குக் கீழே, நீல மையில் எழுதப்பட்டுள்ளது. சாய்கோட்டுக்கு முன் இடைவெளி உண்டா இல்லையா என்பதில் பாடபேதம் உண்டு. மழை ஒழுகலுக்கு முந்திய பதிப்பில் இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. பின்னர் லேமினேஷன் செய்யப்பட்ட திருந்திய பதிப்பில் அவ்விடத்தில் ஒரு கொசு. கொசு மூலத்திலேயே இருந்தது என்பது ஒரு சாரார் கொள்கை. லேமினேஷன் செய்தவர் செய்த இடைச்செருகல் என்பர் மறுசாரார். மேற்படித் தாள், பின்பக்கம், தலைகீழாகப் பிடித்து நான்காம் வரியைக் காண்க. அது ஒரு திருமண அழைப்பிதழின் பிழைதிருத்தப் படி. அதில் மணமகன் தந்தை பெயருக்கு முன்னும் இடைவெளி விடப்படவில்லை. எனவே இடைவெளி விடாமை அக்கடையின் பொது வழக்கு என்றும், கொசுவுக்கு இதில் பங்கில்லை என்றும் துணிந்தேன். என் துணிபை மறுத்து, கடைக்கு வெளியே டூவீலர் மீது அமர்ந்திருந்த ஒருவர் வாய்மொழியாக ஒரு கருத்துச் சொன்னார். பதிப்பிக்கத் தக்கதாக இல்லை.

மூன்றாமவர் பக்கத்துக் கடைக்காரர். "அந்தக் கடையில போடாதண்ணே" என்பது உரை. உரைகாரர் தம் கடையில் போட்டதில்தான் வைரஸ் வந்தது என்பதை அடிக்குறிப்பாகக் கொள்க.

மூன்று உரைகளும் விட்டுவிட்ட ஒன்று உண்டு. அட்ரிப் கட்டளை ஒளித்ததைக் காட்டுமே தவிர வைரஸை அகற்றாது. கடைக் கம்ப்யூட்டர் சுத்தமாகாத வரை எத்தனை பென் டிரைவைக் கழுவினாலும் அடுத்த முறை செருகும்போது அம்புக்குறி முளைக்கும். இதைக் கடைத் தம்பியிடம் எடுத்துரைத்தேன். "அண்ணே, பிரிண்ட் எத்தன காப்பி?" என்றார்.

எண்ணிக்கை என்னும் ஆய்வுமுறை

ஸ்கேன் முடிந்ததும் சில கருவிகள் பெரிய எண்ணைச் சிவப்பில் காட்டும். விரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் டிராக்கிங் குக்கி; விளம்பரக்காரர்கள் பிரவுசரில் விட்டுச் செல்லும் அடையாளத் துணுக்கு. அவை வைரஸே அல்ல. ஆனால் பட்டியல் நீண்டால் உழைப்புத் தெரியும். துணைநூற்பட்டியலில் தொடாத நூல்களைச் சேர்ப்பவர்கள் இக்கருவியைத் தம் மாணவர் என்று உரிமை கொண்டாடலாம்.

தவறாகக் கண்டுபிடித்ததும் உண்டு. 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்க்கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்தது. கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகின. 2011இல் மைக்ரோசாஃப்ட்டின் ஆண்டிவைரஸ் கூகுள் குரோமைப் பிடித்தது. தொழிற்போட்டி என்று சொல்வார் உளர், நான் சொல்லவில்லை.

இனி, வைரஸே இல்லாமல் வைரஸ் இருப்பதாகத் தோன்றும் நிலை. திரை ஓரத்தில் நிமிடத்துக்கொரு முறை எச்சரிக்கை குதிக்கும். எத்தனை ஆண்டிவைரஸ் ஓட்டினாலும் ஒன்றும் அகப்படாது. என்றோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்டபோது நாம் ஆம் என்றிருப்போம். பிரவுசர் செட்டிங்கில் அத்தளத்தை நீக்கினால் தீர்ந்தது. இதற்கெனப் பத்துக் கருவி இறக்கியவர்களை அறிவேன். நாகரிகம் கருதி அவர்கள் பெயரைத் தவிர்க்கிறேன்.

இலவசத்தின் விலை

அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ். இந்நான்கையும் ஒப்பிட்டு ஆராய்பவர் ஒரே வீட்டின் நான்கு ஜன்னல்களை ஒப்பிடுகிறார். கவலை வேண்டாம், நான்கு கட்டுரை வெளியிடலாம்.

அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளம் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020இல் அதை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் அவர் வேறெங்கிருந்தோ வாங்கிக்கொள்கிறார் என்பது பெறப்படும்.

ஜெர்மனியின் மாக்டபர்க்கில் உள்ள ஏவி-டெஸ்ட் நிறுவனம் ஆண்டிவைரஸ்களுக்குப் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என ஆறாறாக 18 மதிப்பெண் போடுகிறது. பலவும் 18க்கு 18, அல்லது அதை ஒட்டி. எல்லோரும் முதல் வகுப்பு. இவ்வகை மதிப்பீட்டு முறையை நம் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டிலிருந்து கற்க வேண்டிய அவசியமில்லை.

செயல்முறை

ஆய்வின் பயன் என்ன என்று புறத்தேர்வாளர் கேட்பார் என்பதால் இவ்வியல். நெட்டைத் துண்டியுங்கள். கருவியை வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில், தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். பச்சை டவுன்லோடு பொத்தான்கள் ஐந்து தெரியும் பக்கத்திலிருந்து அல்ல. முதலில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். பிறகு வந்து பார்த்துவிட்டுப் போகும் வகையில், நெட் கேட்காத ஒன்று. நிரந்தரமாகக் காவல் காக்கும் ஆண்டிவைரஸ் இரண்டை ஒன்றாக வைக்காதீர்கள். ஒன்றையொன்று சந்தேகித்துக் கம்ப்யூட்டரை நிறுத்திவிடும். இதற்குத் துறைத் தலைவர்களை வைத்து உதாரணம் சொல்லலாம், சொல்லவில்லை. பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்றால், வைரஸ் போனாலும் பூட்டிய கோப்பு திறக்காது. நோ மோர் ரான்சம் என்ற இலவசச் சேவையில் சாவி இருக்கிறதா பாருங்கள்.

இவ்வளவுக்கும் போகவில்லையென்றால் கடை முதலாளி உரையே முடிந்த முடிபு. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுக. அதன்பின் ஃபோட்டோஷாப்பும் ஆபீஸும் வேண்டுமே என்று, முதலில் வைரஸைக் கொண்டுவந்த அதே 'கிராக்' கோப்புறையைப் பென் டிரைவிலிருந்து திரும்ப வைப்பது மரபு. அதை ஓட்டும்முன் ஆண்டிவைரஸை நிறுத்திவைக்கச் சொல்லி உள்ளே ஒரு குறிப்பும் இருக்கும். அக்குறிப்பை அனைவரும் பிழையின்றிப் பின்பற்றுகிறார்கள். ஆகவே இவ்வாய்வின் இரண்டாம் பாகத்துக்கு நிதி கோரி விண்ணப்பித்துள்ளேன்.