உலகைக் காக்க 120 பொற்காசு

1986இல் எனிக்ஸ் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' வீடியோ ஆட்டத்தில், அரசர் தம் நாட்டை மீட்கக் கிளம்பும் வீரனுக்காகப் பெட்டியில் வைத்திருக்கும் செல்வம் 120 பொற்காசு. கடைத்தெருவில் ஒரு செப்புவாளின் விலை 180. மாடிப்படி ஏற வேண்டுமானால் படிமேல் நின்றால் போதாது. பட்டியலைத் திறந்து 'படி' என்று விண்ணப்பிக்க வேண்டும். செத்துப்போனாலோ, அரசர் முன் உயிர்ப்பித்து நிறுத்திக் கையிருப்பில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். மீட்கப்பட்ட இளவரசியின் கேள்விக்கு 'மாட்டேன்' என்று சொல்லிப் பாருங்கள்: 'ஆமாம்' என்று சொல்லும்வரை அதே கேள்வி. வீரகாவியம் என்று பெயர். நடைமுறை என்னவோ தாலுகா அலுவலகம்.

வெறும் 64 கிலோபைட்டில் ஆட்டத்தை வடிவமைத்த யூஜி ஹோரி வேறென்ன செய்திருக்க முடியும் என்பார்கள் அபிமானிகள். நியாயம்தான், எழுத்துருவுக்கே இடமில்லாமல் ஜப்பானியக் கதகானா எழுத்துகளில் பலவற்றை விட்டுவிட்ட ஆட்டம் அது. ஆனால் இடநெருக்கடி தீர்ந்தபின் போனது 'படி' விண்ணப்பம் மட்டும். பாதிக் காசுப் பறிமுதல் 2017இல் வந்த பதினொன்றாம் பாகம்வரை நீடித்தது. 'மாட்டேன்' என்பதைக் காதில் வாங்காத கேள்வியும் இந்த வகை ஆட்டங்களின் குலவழக்கமாகிவிட்டது. அப்படியானால் அதை வறுமை என்று எப்படிச் சொல்வது? ரசனை என்றே சொல்ல வேண்டும். உண்மையான தேர்வும் ஒன்று இருந்ததே என்று வாதாடலாம். இருந்தது: பாதி உலகம் தருகிறேன், சேர்ந்துகொள்கிறாயா என்று வில்லன் கேட்கும்போது சம்மதித்தால், அந்தப் பதில் ஏற்றுக்கொள்ளப்படும். ஆட்டமும் அத்தோடு முடிந்துவிடும்.